எடுக்காத பொட்டலம்

வேலாங்காடு, மல்லசமுத்திரம் வழி
12-7-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தெய்வநாயகி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா? உங்கள் சர்க்கரை எப்படி என்று கேட்டால் நீங்கள் உண்மை சொல்லப் போவதில்லை. அதையும் அண்ணியே எழுதட்டும்.

நேற்றுக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரார் இடமும் மூன்று வகுப்பறையும் கொடுத்தால், வருகிற ஜூனில் நம் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளி ஆக்கி ஒன்பதாம் வகுப்பு தருகிறார்களாம். மே மாதம் வந்து பார்ப்பார்கள். அதற்குள் கட்டடம் எழும்பாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். தலைமையாசிரியை நான்தானே, ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டினேன். "சேலத்து அண்ணனக் கேளுங்க டீச்சர், அவிகளுக்கு இதெல்லாம் ஒரு காரியமுங்களா" என்று எழுந்து போய்விட்டார்கள்.

எட்டாவது முடித்த பையன்கள் சைக்கிளில் ஏழு மைல் போய்ப் படிக்கிறார்கள். பெண்கள் எங்கே போகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சேகோ மில்லில் ஜவ்வரிசிக்கு மரவள்ளிக் கிழங்குத் தோல் உரிக்கிறார்கள். இந்த வருஷம் எட்டாவதில் பதினோரு பெண்கள். குப்பாயி என்று ஒருத்தி, கணக்கில் என்னையே திருத்துகிறாள். அவள் தாய் நல்லம்மாள் உங்கள் மில்லில்தான் வேலை செய்கிறாள். இந்தப் பதினோரு பேரும் ஒன்பதாவது போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பதிலை எதிர்பார்க்கும்,
தெய்வநாயகி


கரியகாளியம்மன் துணை

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
20-7-1978

அம்மிணி தெய்வநாயகிக்கு, அண்ணன் அர்த்தநாரி ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சர்க்கரையும் சௌக்கியமாக இருக்கிறது, என்னை விட்டுப் போவதாக இல்லை.

உன் கடிதத்தை மண்டியில் வைத்தே மற்ற நான்கு மில்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. கட்டடம் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து. ஜன்னல், கதவு எல்லாம் எங்களில் குழந்தைவேல் பொறுப்பு. பெஞ்சு, கொடிக்கம்பம், கரும்பலகை, எது வேண்டுமோ எழுது. என்னைத் தலைவராகப் போட்டு ஒரு பள்ளிக் குழுவும் வைத்தாயிற்று.

இடத்துக்கு நீ அலைய வேண்டாம். என் மில்லை ஒட்டி ரோட்டு மேல் நாலு ஏக்கர் சும்மா கிடக்கிறது. சமனான நிலம், கிணறு இருக்கிறது, பஸ் நிற்கும். போகிற வருகிறவர்கள் கண்ணில் போர்டும் படும். நல்லது செய்கிறவன் பெயர் நாலு பேருக்குத் தெரிவதில் தப்பில்லையே. ஆவணியில் கடைக்கால் தோண்டலாம்.

மாப்பிள்ளை கந்தப்பனைக் கேட்டதாகச் சொல்.

அர்த்தநாரி


வேலாங்காடு
29-7-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். நீங்கள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் மனம் நிறைந்துபோய்ப் பள்ளியில் எல்லோருக்கும் பொரிகடலை வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் மில் பக்கம் வேண்டாம் அண்ணா. கோபிக்காமல் படியுங்கள்.

கிழங்கு லோடு வந்ததும் உங்கள் மில்லில் சங்கு ஊதுவார்கள் அல்லவா? அது இங்கே என் வகுப்பில் கேட்கும். கேட்டதும் ஏழாவதிலும் எட்டாவதிலும் பெண்கள் பையைக் கட்டுவார்கள். "லோடு வந்துருச்சுங் டீச்சர், அன்னைக்கே உரிக்காட்டிக் கிழங்கு கறுத்துப்போயிருமுங்" என்று எனக்கே பாடம் சொல்லிவிட்டுப் போவார்கள். போன சீசனில் எட்டாவதில் பாதிப் பேருக்கு வருகையே தேறவில்லை. அரை மைல் தள்ளி இருக்கும்போதே இப்படி. மில் வாசலிலேயே பள்ளியைக் கட்டினால் யாருக்கு வசதி என்று நீங்களே சொல்லுங்கள்.

கரட்டுக்கு மேற்கே பாறைக்காடு இருக்கிறது. புறம்போக்குதான். கரடு குறுக்கே நிற்பதால் சங்குச் சத்தம் அந்தப் பக்கம் எட்டாது. வெடி வைத்துச் சமன்படுத்த வேண்டும், வேலை கூடத்தான். ஆனாலும் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். இல்லாவிட்டால் ஒன்று செய்யுங்கள், எனக்குப் பெஞ்சு வேண்டாம், கொடிக்கம்பம் வேண்டாம், பள்ளி நேரத்தில் அந்தச் சங்கை நிறுத்துங்கள்.

ஊரில் பாதிப் பேர் உங்கள் கட்சி, பாதிப் பேர் என் கட்சி. பஞ்சாயத்துத் தலைவர் ராசப்பன், ஆவணி முதல் வெள்ளி காலை கரியகாளியம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்று முடித்துவிட்டார். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மில் பக்கம், செவ்வரளி வந்தால் பாறைக்காடு. முதல் நாள் சாயங்காலமே கோயில் பூசாரி சின்னுசாமிப் பண்டாரம் பொட்டலம் கட்டி வைப்பார். குப்பாயியின் தங்கை, ஒன்றாம் வகுப்புப் பூவாத்தாள், ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். எடுக்காத பொட்டலம் வழக்கம்போலப் பிரிக்காமல் கிணற்றுக்குப் போகும். பள்ளிக்கூட விஷயத்தைப் பூவிடம் கேட்பதா என்று எனக்கு எரிச்சல்தான். ஆனால் பூ சொன்னால் ஊர் அடங்கும்.

தங்கள்,
தெய்வநாயகி


செவ்வாய்ப்பேட்டை
21-8-1978

அம்மிணிக்கு,

வெள்ளியன்று ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து உடம்பு சரியில்லை. வேறொன்றும் இல்லை, அசதி. நீங்கள் நலமா?

பூ சிவப்பாக வந்ததும் நீ என் முகத்தைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பண்டாரம் என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சு இல்லை, பள்ளி பாறைக்காட்டில்தான். வெடி வைக்க ஆள் சொல்லிவிட்டேன். குழுவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதட்டி உட்கார வைத்தேன். சங்கு விஷயம் வேறு. அது தொழில், அதில் நீ தலையிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். அன்று விடிகாலையில் வாசலில் கோலம் போட நீ முன்னால் போயிருந்தாயாம், பண்டாரம் சொன்னார். அந்த நேரத்தில் கோயிலுக்குள் வேற்றாள் யாராவது வந்ததைப் பார்த்தாயா? யோசித்து எழுது.

அர்த்தநாரி


வேலாங்காடு
3-9-1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அசதி என்றால் டாக்டரைப் பாருங்கள். அண்ணியை ரவை உப்புமாவே போடச் சொல்லாதீர்கள், சர்க்கரைக்கு ஆகாது.

பாறைக்காட்டில் நேற்று முதல் வெடி. பிள்ளைகளைக் கரட்டின் இந்தப் பக்கம் நிறுத்திக் காதைப் பொத்தச் சொன்னேன். குப்பாயி மட்டும் பொத்தவில்லை. எத்தனை வெடி என்று எண்ண வேண்டுமாம். பதினாலு.

சீசன் தொடங்கப் போகிறது. சங்கைப் பற்றி மறுபடியும் யோசியுங்கள். தொழிலில் தலையிடவில்லை, உங்கள் தொழில்தான் என் வகுப்பில் தலையிடுகிறது. ஐந்து மில்காரர்கள் கூடி மூன்று வகுப்பறை கட்டுகிறீர்கள், அதில் உட்கார வேண்டிய பிள்ளைகளை அதே ஐந்து மில் கூப்பிட்டுக்கொள்கிறது. இதை உங்கள் மண்டியில் படித்துக் காட்டினாலும் சரி.

வேலை இருக்கிறது. மற்றவை பின்னால்.

தெய்வநாயகி


செவ்வாய்ப்பேட்டை
10-11-1978

அம்மிணிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று நம்புகிறேன். அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

அடித்தளம் முடிந்து சுவர் மார்பளவு வந்துவிட்டது என்று கொத்தனார் சொன்னார். சிமெண்ட் பர்மிட்டுக்கு மூன்று தடவை கலெக்டர் ஆபீஸ் போனேன். என் வீட்டைக் கட்டும்போது கூட இப்படி அலையவில்லை.

எனக்குக் காலம் சரியில்லை. வலது காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து புண்ணாகி ஆறு வாரமாக ஆறவில்லை. போன வாரம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசி மொத்தமும் மழையில் கரைந்துபோயிற்று. இதெல்லாம் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

என் போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை. அன்று காலை யாராவது வந்தார்களா, இல்லையா? ஒரு வரி எழுது, போதும்.

அர்த்தநாரி


வேலாங்காடு
2-1-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னியுங்கள். அரைப் பரீட்சை, பிறகு உங்கள் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். இப்போது இருவரும் நலம். உங்கள் புண் எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தின் தலையில் எப்போதும் இருக்கும் 'கரியகாளியம்மன் துணை' இரண்டு கடிதமாக இல்லை. கவனித்தேன்.

பரீட்சையன்று பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. பதினோரு பேரில் ஒன்பது பேர் எழுந்து போய்விட்டார்கள். குப்பாயியும் போனாள். மறுநாள் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள், உரிக்கிற கத்தி பட்டிருக்கிறது. கிழங்குப் பால் பட்டு எரிகிறதாம். பேனா பிடிக்க முடியாததால் வாயால் சொல்லச் சொல்லிக் கணக்குப் பரீட்சையை நான் எழுதினேன். இது விதிப்படி தப்பு. செய்தேன்.

நீங்கள் கேட்டதற்கு: அன்று காலை கோயிலுக்கு வேற்றாள் யாரும் வரவில்லை.

தெய்வநாயகி


செவ்வாய்ப்பேட்டை
18-2-1979

அம்மிணிக்கு,

உன் கடிதத்துக்குப் பிறகு எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. யாரும் வரவில்லை என்றால் அது அம்மன் செய்ததுதான். என்ன, ஏது என்று கேட்காதே.

நான் பங்குனியில் குண்டம் இறங்கப் போகிறேன். மஞ்சள் துணி வாங்கியாயிற்று. டாக்டர், "காலில் உணர்ச்சியே இல்லை, புண் வேறு ஆறவில்லை, நெருப்பில் மிதித்தால் காலை எடுக்க வேண்டி வரும்" என்று கத்துகிறார். அண்ணி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இது வேண்டுதல் கடன் இல்லை, அம்மனிடம் செய்த தப்பு. அதைத் தீர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நெருப்பில் இறங்கினால் அவளுக்குக் கோபம் தணியும்.

குண்டம் முடிந்த மறுவாரம் பள்ளிக்கு மேல்தளம் போடலாம். கம்பி, சிமெண்ட் எல்லாம் இறங்கிவிட்டது. எனக்கு ஏதாவது ஆனாலும் குழந்தைவேல் நின்று முடித்துக் கொடுப்பார்.

அர்த்தநாரி


வேலாங்காடு
24-2-1979

அண்ணா,

இதை உங்கள் மாப்பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை மஞ்சள் துணியைத் தொடாதீர்கள்.

பூவை மாற்றியது நான்.

அன்று விடிகாலை கோலம் போட்டுவிட்டு உள்ளே போனேன். பண்டாரம் குளிக்கப் போயிருந்தார். தட்டில் இரண்டு பொட்டலம், வாழை இலையில் நாரால் கட்டியது. ஒன்றைப் பிரித்தேன், நந்தியாவட்டை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, கொண்டுபோன செவ்வரளியை வைத்து அதே மாதிரி கட்டிவிட்டேன். மற்றதைத் தொடவில்லை. அதில் எப்படியும் சிவப்புத்தானே இருக்கும். ஆக இரண்டிலும் சிவப்பு. பூவாத்தாள் எதை எடுத்தாலும் பாறைக்காடு. வேற்றாள் யாரும் வரவில்லை என்று எழுதினேனே, பொய் இல்லை. நான் வேற்றாள் இல்லையே. காப்பி அடிக்கிற பிள்ளையைக்கூட நான் இவ்வளவு கேவலமாகப் பேசவிட்டதில்லை.

நீங்கள் ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மில் பக்கம் கேட்டதற்காக அம்மனுக்கு உங்கள் மேல் கோபம் என்று நினைத்தால், அது இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் யாரையும் கேட்க நான் விடவே இல்லை. அவள் கோபப்பட வேண்டுமானால் என் மேல் படட்டும்.

மேல்தளம் போட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முன்னாலேயே சொன்னால் வேலையை நிறுத்திவிடுவீர்கள் என்று பயம். உங்கள் காலை அடகு வைத்து அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற எனக்கு மனம் வரவில்லை. குண்டம் இறங்காதீர்கள். வேண்டுமானால் ஊரைக் கூட்டி என்னைச் சொல்லுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

தெய்வநாயகி


வேலாங்காடு
9-4-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? அண்ணியாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்.

குண்டத்தன்று வரிசை முழுக்க உங்களைத் தேடினேன். நீங்கள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஊர் என்ன நினைத்ததோ. மறுநாள் காலை பாறைக்காட்டுக்குப் போனேன். கொத்தனார்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இன்றோடு பதினேழு நாள். சுவர் மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. சிமெண்ட் மூட்டைகளைத் தார்பாய் போட்டு மூடியிருக்கிறேன், ஒரு கோடை மழை வந்தால் எல்லாம் கல்லாகிவிடும். மே பன்னிரண்டாம் தேதி பார்வைக்கு வருகிறார்களாம். கொத்தனார் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "அண்ணன் சொல்லாம நாங்க எப்பிடீங்க அம்மிணி வேலயில கைய வெக்கறது" என்றார்.

எனக்காகக் கேட்கவில்லை. எட்டாவது முடித்த எனக்கு ஊரில் பள்ளி இல்லை என்று நம் அப்பா கையை விரித்தபோது, என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மூன்று வருஷம் ஏழு மைல் மிதித்தது நீங்கள். அதனால்தான் நான் டீச்சர். குப்பாயிக்கு அண்ணன் இல்லை. என் மேல் இருக்கிற கோபத்தை அவள் மேல் இறக்காதீர்கள்.

பதில் போடாவிட்டாலும் கொத்தனாரை அனுப்புங்கள்.

தெய்வநாயகி


கரியகாளியம்மன் துணை

செவ்வாய்ப்பேட்டை
22-4-1979

அம்மிணி தெய்வநாயகிக்கு, அண்ணன் ஆசீர்வாதம்.

கால் தேவலை. புண் ஓரம் காய்கிறது.

மாப்பிள்ளை கொடுத்த கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. கோபம்தான். குண்டத்தன்று இங்கேயே இருந்துகொண்டேன். கொத்தனாரை நிறுத்தியதும் நான்தான். குழுவைக் கூட்டி உன் காரியத்தைச் சொல்லிப் பள்ளியை மறுபடி மில் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தேதியும் குறித்தேன். அந்தத் தேதியில் வாயைத் திறக்க முடியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் ஊருக்கு வந்தேன். நேரே பாறைக்காட்டுக்குப் போய் அந்தக் கூரை இல்லாத வகுப்பறையில் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு லோடு வரும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிவரை சங்கு எனக்குக் கேட்கவில்லை. லோடு வரவில்லை போல என்று எழுந்து கரட்டைச் சுற்றி வந்தால், உன் பள்ளிப் பக்கமிருந்து பெண் பிள்ளைகள் பையோடு மில்லைப் பார்த்து ஓடுகிறார்கள். கடைசியில் ஒரு குஞ்சுப் பிள்ளை. பொட்டலம் எடுத்தாளே, அதே பூவாத்தாள். நிறுத்தி, "எங்க சாமி ஓடறே?" என்றேன். "சங்கு அப்பவே ஊதிருச்சுங், அக்கா உரிக்கப் போயிட்டா, நானுந்தான்" என்றாள். ஆறு வயசு. மில்லுக்குள் நின்று கேட்கும்போது அந்தச் சங்கு எனக்கு வேலை நடக்கிறது என்றுதான் சொல்லும். வெளியே நின்று பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. உரிக்கிற கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன், நல்லம்மாளுக்குப் பக்கத்தில் குப்பாயி. என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இனி என் மில்லில் லோடு சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் இறங்கும். லாரிக்காரர்களுக்குச் சொல்லிவிட்டேன், திட்டுகிறார்கள், திட்டட்டும். பாவாடை சட்டை போட்ட பிள்ளை யாரையும் கொட்டகையில் உட்கார வைக்கக் கூடாது என்று மேஸ்திரிக்கு உத்தரவு. தாய்மார்களுக்கு அதனால் குறைகிற கூலியை நான் ஏற்றித் தருகிறேன். மற்ற நான்கு பேரில் குழந்தைவேல் ஒத்துக்கொண்டார். மூன்று பேர் பிடி கொடுக்கவில்லை. நீயும் ஒரு கடிதம் எழுது, உன் எழுத்து உறைக்கும். கொத்தனார் நாளைக் காலை வருகிறார். புதன்கிழமை மேல்தளம்.

இப்போது அந்தக் கடைசி விஷயம். நீ பிரித்த பொட்டலத்தில் நந்தியாவட்டை இருந்தது என்று எழுதியிருந்தாய். இருக்கத்தான் செய்யும். முதல் நாள் சாயங்காலம் பண்டாரம் அந்த இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் வைத்தார். வைக்கச் சொன்னது நான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அப்படி இருக்கச் சிவப்பு வந்தது, அதனால்தான் உன் கடிதம் வரும்வரை ஆறு மாதம் செத்துப் பிழைத்தேன்.

நேற்றுத்தான் உட்கார்ந்து யோசித்தேன். நான் இரண்டிலும் வெள்ளை வைத்தேன். நீ ஒன்றில் மட்டும் சிவப்பு வைத்தாய். பூவாத்தாள் கையை நீட்டும்போது தட்டில் இருந்தது ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. ஊர் எப்படி வைக்கச் சொன்னதோ அப்படியேதான் இருந்திருக்கிறது, அம்மிணி. பிள்ளை தானாகத்தான் எடுத்திருக்கிறாள்.

அர்த்தநாரி